கேன்சரை விரட்ட கிருமியை ஊசியில் ஏற்றிய டாக்டர்... யார் இந்த வில்லியம் கோலி?

நம்ம ரத்தத்திலேயே கேன்சர் செல்களை அடையாளம் கண்டு கொல்லும் செல்கள் இருக்கு. பெயர் இயற்கை கொலையாளி செல்கள், சுருக்கமா என்.கே. செல்கள். இவற்றையே மருந்தாக்கும் ஆய்வுகள் இப்போது வேகமெடுத்துள்ளன. ஆனால், இப்படி ஒரு செல் இருப்பதே தெரியாத காலத்தில், உடம்பின் எதிர்ப்பு சக்தியை கேன்சர் மீது ஏவிப் பார்த்தவர் நியூயார்க் அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் கோலி.

திருப்பம் தந்த மரணம்

1862-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்த கோலி, 1888-ல் ஹார்வர்டில் மருத்துவப் படிப்பை முடித்தார். கையில் எலும்புப் புற்றுநோயுடன் வந்த 17 வயது பெண்ணுக்கு கையை அகற்றியும், 1891 ஜனவரியில் அவர் இறந்துபோனார். மனசு கேட்காத கோலி, மருத்துவமனையின் பழைய ரெக்கார்டுகளைப் புரட்டினார்.

அதில் ஒரு ஆச்சரியம். பலமுறை ஆபரேஷன் செய்தும் போகாத கழுத்துக் கட்டி, நோயாளிக்கு எரிசிபெலாஸ் என்ற தோல் தொற்று வந்தபின் கரைந்திருந்தது. அவரைத் தேடிக் கண்டுபிடித்தார் கோலி. 7 வருஷம் கழித்தும் நல்லா இருந்தார்!

கோலி என்ன செய்தார்?

முதலில் உயிருள்ள கிருமியையே செலுத்தினார். சிலருக்குப் பலன் கிடைத்தது. சிலர் அந்தத் தொற்றாலேயே இறந்தனர். அதனால் கொல்லப்பட்ட கிருமிகளின் கலவைக்கு மாறினார். 1893-ல் வயிற்றில் பெரிய கட்டியுடன் இருந்த 16 வயது சிறுவன் குணமாகி, மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஏன் மறந்தார்கள்?

பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கல. எப்படி வேலை செய்யுதுன்னு கோலியால் விளக்கவும் முடியல. அதற்குள் கதிர்வீச்சு சிகிச்சை வந்துவிட்டது. 1936-ல் கோலி இறந்தார்.

ஆனால் மகள் ஹெலன் விடவில்லை. அப்பாவின் குறிப்புகளைத் தொகுத்து, 1953-ல் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1975-ல் என்.கே. செல்கள் அடையாளம் காணப்பட்டன. கிருமியின் பாகங்கள் இப்படிப்பட்ட எதிர்ப்பு செல்களைத் தட்டி எழுப்பும் என்பது பிறகு புரிந்தது. சிறுநீர்ப்பை கேன்சருக்கு பி.சி.ஜி. மருந்து தருவதும் இதே வழியில்தான்.

இப்போ எந்த நிலை?

2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்து மாற்றியமைத்த என்.கே. செல்கள், ரத்தப் புற்றுநோயாளிகள் 11 பேருக்கு செலுத்தப்பட்டன. 8 பேருக்குப் பலன் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், இன்னும் பெரிய சோதனைகள் தேவை.

ஒன்று முக்கியம்: காய்ச்சல் வந்தால் கேன்சர் போயிடும்னு அர்த்தமில்லை. சிகிச்சை பெறுபவர்களுக்கு காய்ச்சல் ஆபத்தாகலாம், உடனே டாக்டரிடம் போங்க.