மாணவரைப் பாரிஸ் மாநகருக்கு அனுப்பிய குவின்டின் ஹாக்

ஆங்கில நாட்டுப் பிரபுக்களின் மைந்தர், பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் ஓர் உபாத்தியாயரைத் துணைகொண்டு ஐரோப்பாக் கண்டத்திற்குச் சென்று, பாரிஸ், வெனிஸ், ரோமாபுரி முதலிய தொன்னகரங்களில் நெடுநாள் தங்கி மீள்வது பதினெட்டாம் நூற்றாண்டில் பெருவழக்காயிருந்தது. தச்சன் மகனுக்கும் கொற்றன் மகனுக்கும் அப்பேறு கனவிலும் கிட்டாததாயிற்று. ஆயினும் 1889-ம் ஆண்டில் அத்தகைய எளிய வாலிபர் திரள் திரளாக லண்டனிலிருந்து பாரிஸ் நகருக்குப் புறப்பட்டனர். அவர்கள் பயின்ற கல்விச்சாலையை நிறுவியவரே குவின்டின் ஹாக்.

இவர் 1845-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 14-ம் நாள் லண்டனிற் பிறந்தார். தந்தையார் ஸர் ஜேம்ஸ் வீர் ஹாக், கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்து பொருளீட்டியவர். பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பதவியையும் வகித்தவர். குவின்டின் ஈட்டன் பள்ளியிற் கல்வி கற்றார். கால்பந்தாட்டத்தில் மிக வல்லவர். ஸ்காட்லாந்தின் பக்கம் நின்று இங்கிலாந்தை எதிர்த்து ஆடியதுமுண்டு. 1863-ல் பள்ளியை விட்டுத் தேயிலை வர்த்தகத்திற் புகுந்து, பின்பு சர்க்கரை வர்த்தகத்தில் பங்காளியாகிப் பெருஞ்செல்வரானார்.

அச்சர்க்கரை தென்னமெரிக்காவிலுள்ள டெமராராவிலிருந்து வந்தது. அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தோருட் பலர் நம் தேசத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுபோகப்பட்டவர்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலும், ஒரு சாரார் சென்னையிலும் கப்பலேறினர். ஹாக் செய்த அறங்களைப் பாராட்டும் நூலாசிரியர் பலர் இதனைச் சொல்லாது விடுகின்றனர். லண்டன் ஏழைச் சிறுவருக்கு ஒளியான செல்வத்தில் கடல் கடந்து சென்ற நம்மவர் வியர்வையும் கலந்திருந்தது என்பதை நாம் மறத்தற்கில்லை.

எனினும் அச்செல்வத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பள்ளியை விட்ட சிறிது காலத்திற்குள், தெருக் கூட்டிப் பிழைக்கும் சிறுவர் இருவரை அழைத்து, தேம்ஸ் நதிக்கருகே அடெல்பி வளைவுகளின் கீழே இரவில் எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். வெறும் புட்டியிற் செருகிய மெழுகுவர்த்தியே விளக்கு, வேதப்புத்தகமே அரிச்சுவடி. காவற்காரன் வரும் அரவங் கேட்டதும் மாணவர் இருவரும் ஓடி மறைந்தனராம். அவர்கள் பேச்சும் வாழ்வும் தமக்கு விளங்கவில்லை என்பதை உணர்ந்த ஹாக், செருப்புத் துடைக்கும் பையனைப் போல உடை தரித்து, இரவுகளில் அவர்களோடு உண்டு, கண்ட இடத்தில் உறங்கி, அவர்தம் நிலையைக் கற்றார். ஆசிரியர் முதலில் மாணாக்கராகிய இச்செய்தி என் உள்ளத்தை மிகக் கவர்வது. 1864-ல் சாரிங் கிராஸ் அருகே ஏழைப் பள்ளியொன்று இதினின்று எழுந்தது.

அப்பள்ளி வளர்ந்து தொழில் செய்யும் வாலிபருக்குரிய கிறிஸ்தவச் சங்கமாயிற்று. இடம் போதாமையால், ரீஜன்ட் வீதியிலிருந்த ராயல் பாலிடெக்னிக் கட்டடத்தை 15,000 பவுன் கொடுத்து வாங்கினார். 1838-ல் திறக்கப்பட்ட அக்கட்டடம், நீருள் இறங்கும் மணிக்கூண்டு முதலிய விஞ்ஞான விநோதங்களைக் காட்டிவந்து, பின்னர் நொடித்துப்போனது. 1882 செப்டம்பரில் ஹாக் அதனைக் கல்விச்சாலையாகத் திறந்தார். பகலெல்லாம் பட்டறையில் உழைத்த வாலிபர் மாலையில் அங்கே கணிதமும் சித்திரமும் கைத்தொழிலும் கற்றனர்; தேகப்பயிற்சியும் செய்தனர். ஞாயிறுதோறும் ஹாக் தாமே வேதபாடம் நடத்துவார்.

இங்குதான் பிரயாணத்தின் வரலாறு தொடங்குகிறது. 1888-ம் ஆண்டில் பாலிடெக்னிக் பகற்பள்ளிச் சிறுவர் சிலர் உபாத்தியாயருடன் பெல்ஜியம், சுவிட்சர்லாந்து நாடுகளுக்குச் சென்று, பூகோளப் பாடத்தில் படித்த மலைகளையும் பனியாறுகளையும் கண்ணாற் கண்டு திரும்பினர். மறு ஆண்டு பாரிஸில் பெருங்கண்காட்சி நடந்தது. அது பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டு விழாவாகையால், முடியரசு நாடுகள் பல அரசாங்க முறையிற் கலந்துகொள்ள மறுத்தன. இங்கிலாந்தும் அவற்றுள் ஒன்று. அரசாங்கம் ஒதுங்கி நின்றபோதும் பாலிடெக்னிக் ஒதுங்கவில்லை. அதன் அங்கத்தினர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பிரிவு பிரிவாகச் சென்று வந்தனர். கூட்டமாகச் சென்றமையாற் செலவு சுருங்கிற்று.

அவர்கள் கண்டது வெறும் வேடிக்கையன்று. ஏறக்குறைய ஆயிரம் அடி உயர்ந்த ஐபல் கோபுரம் அவ்வாண்டுதான் திறக்கப்பட்டது. இடையில் ஒரு தூணுமின்றி முந்நூற்றெழுபது அடிக்குமேல் அகன்று விரிந்த இயந்திர மண்டபமும் அங்கிருந்தது. இரும்பைக் காய்ச்சி அடிக்கும் தொழிலாளி வாலிபனுக்கு, தன் கையிலுள்ள அதே இரும்பு அவ்வளவு உயரம் எழும் என்பதை எந்தப் புத்தகம் இத்துணைத் தெளிவாகக் காட்டும்? பிரபு குமாரர் சிற்பமும் ஓவியமும் கண்டு வந்த நகரத்தில், இவர்கள் தம் தொழிலின் மேன்மையையும் கண்டனர்.

இப்பிரயாணங்கள் ஆண்டுதோறும் பெருகி, பாலிடெக்னிக் பிரயாணச் சங்கம் என்னும் தனி ஸ்தாபனமாயின. சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையில் அங்கத்தினர் தங்குவதற்கு இல்லங்களும் ஏற்பட்டன.

1903-ம் ஆண்டு ஜனவரி 17-ம் நாள், பாலிடெக்னிக் கட்டடத்திலேயே நீராடும்போது, வெந்நீர்க் கருவியினின்று கசிந்த நச்சுப்புகையால் மூச்சடைத்து ஹாக் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. மூன்று ஆண்டுகளுக்குப்பின் நிறுவப்பட்ட சிலையில் அவர் தனித்திருக்கவில்லை. சிறுவர் இருவர் அவருடன் உள்ளனர், ஒருவன் கையில் கால்பந்து.

பிரயாணச் சங்கம் 1960-களில் விற்கப்பட்டு, ஸர் ஹென்றி லன் நிறுவிய பிரயாணக் கம்பெனியுடன் இணைந்தது. அந்த லன், 1887-ல் வெஸ்லியன் மருத்துவ மிஷனரியாய்த் தென்னிந்தியாவுக்கு வந்து, உடல்நலம் குன்றி மறு ஆண்டே ஊர் திரும்பியவர். கல்விச்சாலையோ 1992-ல் வெஸ்ட்மின்ஸ்டர் சர்வகலாசாலை என்னும் பெயர் பெற்று, ரீஜன்ட் வீதியின் அதே இடத்தில் நடந்து வருகிறது.