என்ரிக்கோ மத்தேயி

என்ரிக்கோ மத்தேயி (ஏப்ரல் 29, 1906 – அக்டோபர் 27, 1962) ஓர் இத்தாலியத் தொழில் நிர்வாகியும் அரசியல்வாதியும் ஆவார். எனி என்னும் அரசு எரிபொருள் நிறுவனத்தை உருவாக்கியவர். இத்தாலியின் எரிபொருள் வழங்கல் சில வெளிநாட்டு நிறுவனங்களையே சார்ந்திருந்த நிலையை மாற்ற முயன்றவர்.

வாழ்க்கை

மார்க்கே பகுதியிலுள்ள அக்குவலாஞ்ஞா என்னும் ஊரில் பிறந்தார். இளவயதில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்து, பின்னர் மிலான் நகரில் சொந்தமாக வேதிப்பொருள் தொழில் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் செருமானியப் படைகளை எதிர்த்த போராளிக் குழுக்களின் தலைவர்களுள் ஒருவராக இருந்தார்.

எரிவளியும் எனியும்

1926 இல் தொடங்கப்பட்ட அஜிப் என்னும் அரசு எண்ணெய் நிறுவனத்தை மூடிவிடும் பொறுப்பு 1945 இல் மத்தேயியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதனை மூடாமல், போ ஆற்றுச் சமவெளியில் துளையிடும் பணியைத் தொடரச் செய்தார். நிலக்கரி வளம் மிகக் குறைந்த இத்தாலிக்கு அங்கு கிடைத்த இயற்கை எரிவளி பெரும் துணையாயிற்று. வட இத்தாலியத் தொழிற்சாலைகளுக்கு விரைவாகக் குழாய்கள் பதிக்கப்பட்டன; உள்ளூராட்சிகளின் அனுமதிக்குக் காத்திராமல் பதித்துவிட்டுப் பின்னர் இழப்பீடு செலுத்தியதும் உண்டு. 1953 இல் எனி நிறுவப்பட்டபோது அதன் தலைவரானார்.

வெளிநாட்டு ஒப்பந்தங்கள்

உள்நாட்டு எரிவளி மட்டும் போதாது என்பதால் எண்ணெய் வளமுள்ள நாடுகளுடன் நேரடியாக உடன்பாடு காண முற்பட்டார். உலக எண்ணெய் வணிகத்தில் கோலோச்சிய பெரு நிறுவனங்களை ஏழு சகோதரிகள் எனக் குறிக்கும் வழக்கம் இவரால் பரவியது. அவை இலாபத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டு வந்தன. 1957 இல் ஈரானுடன் செய்த ஒப்பந்தம் இதனின்றும் வேறுபட்டது. கூட்டு நிறுவனத்தின் இலாபத்தில் பாதி ஈரானுக்கு வரியாகச் செல்லும். எஞ்சிய பாதியை இரு தரப்பும் சமமாகப் பிரித்துக்கொள்ளும். இதனால் ஈரானுக்கு 75 விழுக்காடு கிடைத்தது. கிடைத்த எண்ணெயின் அளவைவிட இம்முன்மாதிரியே முக்கியமானது எனலாம்.

1960 இல் சோவியத் ஒன்றியத்திடமிருந்து எண்ணெய் வாங்க உடன்பட்டார். விலையின் ஒரு பகுதி எஃகுக் குழாய்கள், செயற்கை இறப்பர் போன்ற பொருட்களாகச் செலுத்தப்பட்டது. ஒரு சார்பை விட்டு மற்றொரு சார்பில் இத்தாலி சிக்குவதாக மேற்கு நாடுகள் கண்டித்தன. இக்கண்டனத்தில் வணிக நலனும் கலந்திருந்தது.

மறைவு

சிசிலியிலிருந்து மிலானுக்குத் திரும்பும் வழியில் இவரது வானூர்தி பாவியா அருகே பஸ்காப்பே என்னும் இடத்தில் வீழ்ந்தது. விமானியும் அமெரிக்க இதழாளர் ஒருவரும் உடன் இறந்தனர். இது விபத்து என முதலில் முடிவு செய்யப்பட்டது. 1990களில் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டு, வானூர்தியில் வெடிபொருள் வைக்கப்பட்டிருந்ததாக அரசு வழக்குரைஞர் முடிவுக்கு வந்தார். எனினும் குற்றவாளிகள் எவரும் அடையாளம் காணப்படவில்லை.