மெழுகில் சமைத்த கைவினைஞர்

ஜப்பான் நாட்டில் உணவகங்களின் வாயிலில் கண்ணாடிப் பேழைகளைக் காணலாம். நூடுல்ஸ் நிறைந்த கிண்ணம், பொரித்த இறால், பழத்துண்டுகள் பதித்த இனிப்பு எனப் பலவகை உணவுகள் அவற்றுள் அழகுற அடுக்கப்பட்டிருக்கும். காண்போர் நாவில் நீர் ஊறும். ஆயினும், அவற்றுள் ஒன்றையேனும் உண்ண இயலாது. அவை அனைத்தும் மாதிரி உருவங்களே. இக்கைவினையைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் தக்கிசோ இவாசாக்கி ஆவார்.

இவர் 1895ஆம் ஆண்டு கிஃபு மாநிலத்தின் குஜோ ஹாச்சிமான் என்னும் மலையூரில் பிறந்தார். தெளிந்த நீரோடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. உருகிய மெழுகுத்துளி நீரில் விழுந்து மலர்போல் விரிவதைச் சிறுவயதில் கண்டு இவர் வியந்தார் என்பர். வளர்ந்தபின் பிழைப்புத் தேடிச் சொந்த ஊரை விட்டு ஒசாகா நகருக்குச் சென்றார்.

அக்காலத்தில் ஜப்பானிய நகரங்களில் பெரிய உணவகங்கள் பெருகின. மேலைநாட்டு உணவுகளும் புதிதாக வந்தன. பெயரை மட்டும் படித்து, அவ்வுணவு எத்தகையது என அறிவது பலருக்கும் அரிதாயிற்று. உணவின் உருவத்தைக் கண்டால், பெயர் அறியாதவரும் விரல் நீட்டித் தமக்கு வேண்டியதைக் கேட்கலாம். ஆகவே, சிலர் உணவு மாதிரிகளைச் செய்யத் தொடங்கியிருந்தனர். இவாசாக்கியின் மனமும் அக்கலையை நாடியது.

அவர் தம் முதல் மாதிரிக்கு ஆம்லெட்டைத் தேர்ந்தெடுத்தார். கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த கூழை உண்மையான உணவின்மீது ஊற்றி, அது உறைந்ததும் அச்சாக எடுப்பர். அவ்வச்சில் உருக்கிய மெழுகை வார்த்து, பின்னர் வண்ணம் தீட்டுவர். உருவம் கிடைத்துவிடும், உயிர்ப்பு எளிதில் கிடைக்காது. முட்டையின் மேற்பரப்பில் உள்ள சிறு சுருக்கமும், சூடுபட்டுச் சிவந்த நிறமும் அமையாவிடில் அது வெறும் மெழுகுக்கட்டியே. இவாசாக்கி மனம் தளராது மீண்டும் மீண்டும் முயன்றார். இறுதியில் உருவான ஆம்லெட்டைக் கண்டு, எது உண்மை, எது மெழுகு எனத் தெரியாமல் அவருடைய மனைவி சூசுவே மயங்கினார் என்று கூறுவர். அம்மாதிரி 'நினைவு ஆம்லெட்' என்னும் பெயரைப் பெற்றது.

1932ஆம் ஆண்டு ஒசாகாவில் தம் தொழிற்கூடத்தை அவர் நிறுவினார். மாதிரிகளின் விலை மிகுதி என உணவகத்தார் தயங்கக்கூடும் அன்றோ? அதனால், அவற்றை மாத வாடகைக்கு அளித்தார். தொழில் விரைந்து பரவியது. பின்னர் மூண்ட இரண்டாம் உலகப்போரில் உண்ணும் உணவே அரிதாயிற்று. மாதிரிகளின் தேவையும் குன்றியது. போர் ஓய்ந்தபின் அவர் தொழிலை மீண்டும் தழைக்கச் செய்தார். தாம் பிறந்த ஊருக்கும் அக்கைவினையைக் கொண்டுசென்றார்.

1965ஆம் ஆண்டு இவாசாக்கி மறைந்தார். பிற்காலத்தில், வெப்பத்தில் இளகும் மெழுகின் இடத்தை நெகிழி பிடித்தது. எனினும், ஜப்பானின் உணவு மாதிரிகளில் பாதிக்கு மேற்பட்டவை இன்றும் குஜோ ஹாச்சிமானிலேயே உருவாகின்றன. அவ்வூருக்கு வருவோர் வெதுவெதுப்பான நீரில் வண்ண மெழுகை ஊற்றி, கீரை இலையைத் தம் கைகளாலேயே செய்து மகிழ்கின்றனர். பிழைப்புக்காக ஊரை விட்டுச் சென்ற ஒருவரின் கைத்திறன், அவ்வூரார் பலருக்கும் பிழைப்பாயிற்று.

சிந்தித்து விடை எழுதுக

1. உணவு மாதிரிகள் மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டன?

2. இவாசாக்கி மாதிரிகளை ஏன் வாடகைக்கு அளித்தார்?

3. உங்கள் வீட்டு உணவு ஒன்றை மாதிரியாகச் செய்வதாயின், அதில் எவற்றையெல்லாம் கூர்ந்து நோக்குவீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.