கண்ணொளி தந்த கைகள்

ஐம்பொறிகளுள் கண் முதன்மை வாய்ந்தது. அது மங்கினால் கல்வியும் தொழிலும் ஒருங்கே குன்றும். மங்கிய கண்களுக்கு ஒளியூட்டுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட சான்றோர் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி ஆவார்.

இவர் 1918ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், எட்டையபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடியில் தோன்றினார். இளமையில் ஆற்று மணலில் எழுதிப் பயின்றார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்பதே இவர்தம் விருப்பம். ஆனால் முடக்குவாதம் என்னும் கொடுநோய் இவரைப் பற்றியது. நெடுநாள் படுக்கையிற் கிடந்தார், விரல்கள் கோணின, எழுதுகோலைப் பிடித்தலும் அரிதாயிற்று. எனினும் மனந்தளராது கண் மருத்துவம் கற்று, 1951இல் பட்டயம் பெற்றார். கோணிய விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கினார். அவ்விரல்கள் நூறாயிரத்துக்கும் மேற்பட்ட கண்களில் அறுவை மருத்துவம் செய்தன.

1956 முதல் மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில், சிற்றூர்தோறும் கண் மருத்துவ முகாம்களை நடத்தினார். ஏழை மக்கள் கண்ணைக் காட்டத் தயங்கினர். ஒருநாட் கூலியை இழக்க நேருமே என்பது சிலர் கவலை. கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் கெடும் என்பது சிலர் அச்சம். மருத்துவர் அவர்களை நாடிச் சென்றார். எழுத்தறியாதார்க்கு, ஒரே வடிவம் பல திசைகளில் திருப்பி வரையப்பெற்ற அட்டையைக் காட்டிப் பார்வையை அளப்பது கண் மருத்துவர் வழக்கம். வெள்ளெழுத்தால் ஊசியில் நூல் கோக்க இயலாதிருந்த மூதாட்டி தக்க கண்ணாடியை அணிந்ததும் நூலைக் கோத்து முகமலர்வாள். ஒரு சிறு கண்ணாடி ஒரு குடும்பத்தின் பிழைப்பையே காத்தலும் உண்டு.

1976இல் ஓய்வு பெற்றபின், மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பொருளுடையார் தரும் கட்டணம் இல்லார்க்கு இலவச மருத்துவமாயிற்று. முகாம்களிலேயே கண்ணாடி பொருத்தித் தரும் முறையும் வந்தது. அக்காலத்தில் கண்புரையை அகற்றிக்கொண்டோர் மிகத் தடித்த கண்ணாடியை அணிதல் வேண்டும். அஃது உடைந்தால் மீண்டும் பார்வை குன்றிவிடும். கண்ணுள்ளேயே பொருத்தும் வில்லை அக்குறையை நீக்கியது. ஆயினும் அதன் விலை மிகுதி. 1992இல் நிறுவப்பெற்ற ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் அதனைக் குறைந்த விலையில் செய்தளித்தது.

2003இல் புதுச்சேரியிலும் அம்மருத்துவமனை அமைந்தது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களின் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் நெடுந்தொலைவு செல்லாமலே உயரிய கண் மருத்துவம் பெறும் வாய்ப்பு அதனாற் கிட்டியது. 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இப்பெரியார், 2006ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் மறைந்தார்.

மாணவர்களே! கரும்பலகையில் உள்ள எழுத்து தெளிவாகத் தெரியவில்லையாயின், அதனை மறைத்தல் வேண்டா. ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கூறுங்கள். கண்ணாடி அணிதல் இழிவன்று. கண்ணாடி அணிந்த தோழரை எள்ளுதலே இழிவு. தம் விரல்களின் குறையைக் கண்டு நாணாது பிறர் கண்களின் குறையைத் தீர்த்த அப்பெரியாரின் வாழ்வு நமக்கு வழிகாட்டுவதாகுக.