முயல் வளர்த்த அம்மையார்

வீட்டில் வளரும் விலங்குகள் குழந்தைகளுக்கு உடன்பிறப்புகளைப் போன்றவை. அவற்றோடு வளரும் பிள்ளை, வாய் பேசாத உயிரின் பசியையும் வலியையும் முகம் பார்த்தே அறியப் பழகுகிறது. அப்பழக்கம் ஒரு பெண்மணியை உலகறிந்த எழுத்தாளராக உயர்த்தியது. அவரே ஆங்கிலக் குழந்தை இலக்கியத்தில் அழியாத இடம் பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார்.

தனிமையில் மலர்ந்த இளமை

இவர் 1866ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில், கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். பருத்தித் தொழிலால் செல்வம் கொழித்த குடும்பம். தந்தையார் ரூபர்ட் வழக்கறிஞர். ஆனால் அவர் மனம் நாடியதோ புகைப்படக் கலையை. பெற்றோர் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஆசிரியைகள் வீட்டிற்கே வந்து கற்பித்தனர். மேல்மாடி அறையே சிறுமியின் உலகம். ஆறு வயது இளையவனான தம்பி பெர்ட்ராம் ஒருவனே விளையாட்டுத் தோழன்.

இவ்விருவரும் தங்கள் தனிமையைப் போக்கிக்கொள்ள ஒரு வழி கண்டனர். முயல், சுண்டெலி, தவளை, பல்லி, ஆமை, வௌவால், முள்ளெலி என ஒவ்வொன்றாக அவ்வறையில் குடியேறின. ஒவ்வொன்றிற்கும் பெயரிட்டனர், உணவூட்டினர், உற்று நோக்கி ஓவியம் தீட்டினர். ஓர் உயிர் இறந்தால் அழுததோடு நில்லாமல், அதன் உடலை வேகவைத்து எலும்புகளைப் பிரித்து, மீண்டும் கோத்து, உடலமைப்பையும் ஆராய்ந்தனர். பாசமும் அறிவியலும் ஒருங்கே வளர்ந்த வீடு அது! கோடை விடுமுறையில் ஸ்காட்லாந்திற்கும் ஏரி மாவட்டத்திற்கும் குடும்பம் பயணம் செய்தபோது செல்லப் பிராணிகளும் உடன் சென்றன.

தம்பி விடுதிப் பள்ளிக்குச் சென்றபின் அவ்வுயிர்களே அக்காளுக்குத் துணையாயின.

ஒரு மடலில் பிறந்த கதை

பெஞ்சமின் என்ற முயல் வெண்ணெய் தடவிய ரொட்டியை விரும்பி உண்ணும். அதற்குக் கயிறு கட்டி, அம்மையார் உலவ அழைத்துச் செல்வார். அதன் உருவைக் கொண்டு தீட்டிய வாழ்த்து அட்டை ஓவியங்களே 1890இல் அவருக்கு முதல் ஊதியத்தைத் தேடித் தந்தன.

அடுத்து வந்தது நான்கரை ஷில்லிங்கிற்கு வாங்கிய பீட்டர். கணப்பின் முன் பூனைபோல் படுத்துறங்கும். கற்றுக்கொடுத்த வித்தைகளையும் செய்து காட்டும். 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், தம் முன்னாள் ஆசிரியையின் மகனான ஐந்து வயது நோயல், நோயுற்றுக் கிடப்பதறிந்து அம்மையார் மடல் எழுத அமர்ந்தார். எழுதச் செய்தி ஏதும் இல்லை. ஆகவே, காய்கறித் தோட்டத்தில் புகுந்து அகப்பட்டுக்கொள்ள இருந்த குறும்பு முயலின் கதையைப் படங்களுடன் வரைந்து அனுப்பினார். அக்கதையின் நாயகன் பீட்டர்தான்.

பின்னர் அக்கதையைப் பல பதிப்பகங்கள் மறுத்தன. 1901 டிசம்பரில் தம் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். ஆனால் அதைக் காணப் பீட்டர் உயிரோடில்லை. ஒன்பது வயது வாழ்ந்த அம்முயல் அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டது. 1902இல் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களுடன் வெளியிட்ட முதற்பதிப்பின் 8,000 படிகளும் வெளிவருமுன்பே விற்றுத் தீர்ந்தன.

இழப்பும் எழுச்சியும்

அறிவியலிலும் அவர் நாட்டம் ஆழமானது. காளான் வித்துகள் முளைப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897இல் இலின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டது. பெண்களுக்கு அங்கு இடமில்லாத காலமாதலால், அவர் நேரில் செல்ல இயலவில்லை.

பதிப்பகத்தைச் சேர்ந்த நார்மன் வார்ன், அம்மையாரின் சுண்டெலிகளுக்குக் கண்ணாடி முகப்புடன் வீடொன்று செய்து கொடுத்தார். அந்நட்பு காதலாக மலர்ந்தது. வணிகக் குடும்பம் என்று பெற்றோர் மறுத்தும், 1905 ஜூலையில் மணத்திற்கு அம்மையார் இசைந்தார். ஒரு திங்களுக்குள் நார்மன் நோயால் இறந்தார். அத்துயருக்கிடையே அவ்வாண்டே சாரே என்னும் சிற்றூரில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். ஆடு, பன்றி, வாத்து, நாய் எனக் குடும்பம் பெருகியது. அவை கதைகளிலும் குடிபுகுந்தன.

1913இல், 47ஆம் வயதில், வில்லியம் ஹீலிஸ் என்ற வழக்கறிஞரை மணந்தார். அம்மலைநாட்டின் தொன்மையான ஹெர்ட்விக் ஆட்டினத்தைக் காப்பதில் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். 1943 டிசம்பர் 22ஆம் நாள் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைத் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். தம் நிலங்களில் ஹெர்ட்விக் ஆடுகளே மேயவேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

அந்த மேல்மாடிச் சிறுமிக்கு முயலும் எலியும் தோழமை தந்தன. அவரோ அவற்றுக்குக் கதைகளில் நீண்ட வாழ்வு தந்தார். அவற்றின் இனங்கள் வாழ மலையும் புல்வெளியும் தந்தார். நம் வீட்டுத் திண்ணையில் சுருண்டு கிடக்கும் நாய்க்குட்டியை அடுத்த முறை பார்க்கையில், நண்பர்களே, சற்று நின்று பாருங்கள். நமக்குக் கற்பிக்க அதனிடமும் பாடம் உண்டு.