நெஞ்செரிச்சலும் நீரிழிவும்: சரபோஜி மன்னர் விட்டுச் சென்ற மருத்துவக் குறிப்புகள்

ராத்திரி பத்தரை மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கையில் போனோடு அப்படியே படுக்கையில் சாய்வது இன்று பலருக்கும் பழக்கம். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் எரிச்சல், தொண்டை வரை புளிச்ச ஏப்பம். கேஸ்தான் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்கள். ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் ஷுகர் பார்டரில் இருக்கு என்று வந்தால், அது வேற கவலை, வேற டாக்டர்.

இந்த இரண்டு தொல்லைகளுக்கும் தஞ்சாவூரில் தனித்தனிப் புத்தகமே உண்டு. சரஸ்வதி மகால் நூலகம் பதிப்பித்த சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையில் குன்ம நோய்க்கு ஒரு நூல், நீரிழிவுக்கு ஒரு நூல். அந்தப் பெயரில் இருக்கும் சரபேந்திரர், தஞ்சையின் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. ஒரு ராஜாவுக்கும் வயிற்று எரிச்சலுக்கும் என்ன சம்பந்தம்?

தத்துப்பிள்ளை ராஜாவான கதை

சரபோஜி பிறந்தது 1777 செப்டம்பர் 24-ல். தஞ்சையை ஆண்ட துளஜா மன்னர் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்து நோயில் விழுந்திருந்த நேரம். போன்ஸ்லே குலத்தைச் சேர்ந்த இந்தச் சிறுவனை 1787-ல் தத்தெடுத்தார். அதே வருஷம் துளஜா இறந்துபோக, அவருடைய தம்பி அமர்சிங் அரியணை ஏறினார். பையன் அரண்மனைக்குள்ளேயே முடக்கப்பட்டான். படிப்பும் கிடைக்கவில்லை.

அவனைக் காப்பாற்றியவர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். ஜெர்மனியில் பிறந்து தரங்கம்பாடி வழியாகத் தஞ்சைக்கு வந்தவர். அவருடைய முயற்சியால் சரபோஜி 1793-ல் சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஐரோப்பிய மொழிகளும் அறிவியலும் கற்றார். 1798-ல் ராஜாவாகத் திரும்பி வந்தார்.

ஆனால் ராஜ்ஜியம் நிலைக்கவில்லை. 1799-ல் போட்ட ஒப்பந்தப்படி நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. காவிரி டெல்டாவின் நெல் விளைச்சலில் வரும் வரியை வசூலிக்கும் உரிமையும் அதோடு போனது. ராஜாவுக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டை, ஆண்டுக்கு 1 லட்சம் நட்சத்திரப் பகோடா, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது அவருக்கு வயது 22.

தன்வந்திரி மகால்

படையும் வரியும் கையில் இல்லாத மன்னர், நேரத்தையும் பணத்தையும் புத்தகத்திலும் மருத்துவத்திலும் போட்டார். 1805-ல் அச்சுக்கூடம் நிறுவினார். 1820-ல் காசி யாத்திரை போனபோது ஏராளமான சுவடிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். மருத்துவத்துக்காக அவர் உருவாக்கிய நிறுவனம்தான் தன்வந்திரி மகால்.

சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் என நான்கு முறைகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் இயங்கின. மூலிகைகளைப் படமாக வரைந்து பட்டியலிட்டார்கள். ஆடுமாடு, குதிரைக்கும் வைத்தியம் நடந்தது. பலன் தந்த சிகிச்சைகளைத் தமிழ்ப் பாடல்களாக எழுதி வைத்தார்கள். பாட்டாக இருந்தால் வைத்தியர்களுக்கு மனப்பாடம் செய்வது சுலபம். அந்தப் பாடல்களின் தொகுப்புதான் சரபேந்திர வைத்திய முறைகள்.

இன்னொன்றும் நடந்தது. கண் நோயாளிகளுக்குக் கேஸ் ஷீட் எழுதினார்கள். வந்தவருக்கு என்ன தொல்லை, என்ன சிகிச்சை செய்தார்கள், அதன் பிறகு எப்படி இருந்தார் என்று படங்களோடு குறித்து வைத்தார்கள். இந்தத் தாள்கள் 2003-ல் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தபோது, 200 வருஷத்துக்கு முந்தைய பதிவா என்று வியப்பு எழுந்தது.

குன்மம் என்பது என்ன?

சித்த மருத்துவத்தில் குன்மம் என்பது வயிற்று உபாதைகளின் ஒரு பெரிய குடும்பம். வயிற்றெரிச்சல், புளித்த ஏப்பம், வாந்தி, சாப்பிட்டதும் வலி எல்லாம் இதற்குள் வரும். எட்டு வகையாகப் பிரிப்பார்கள். அதில் ஒன்றின் பெயரே எரி குன்மம். இன்றைய ஆசிட் ரிஃப்ளக்ஸும் அல்சரும் அச்சு அசலாக இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் அறிகுறிகளில் பல ஒத்துப்போகின்றன.

நீரிழிவு தனி நூல், குன்மம் தனி நூல். இன்றைய மருத்துவம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலத்தைப் பார்க்கிறது. அந்தப் பாலம் தொப்பை.

தொப்பை செய்யும் வேலை

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. சாப்பாடு கீழே இறங்கத் திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தால் அது இரைப்பையை எந்நேரமும் அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட வளையம் தளர்ந்து, அமிலம் மேலே ஏறுகிறது.

அதே கொழுப்புதான் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் தடுக்கிறது. அதிலிருந்து ஷுகர், ஃபேட்டி லிவர், ரத்தக் கொதிப்பு என்று ஒவ்வொன்றாக வரும்.

எதிர்த் திசையிலும் பாதை உண்டு. ஷுகர் பல வருஷம் கட்டுக்குள் இல்லாவிட்டால் இரைப்பையை இயக்கும் நரம்பு பாதிக்கப்படும். சாப்பாடு வயிற்றிலேயே தங்கி எதுக்களிக்கும். எடை குறைக்கவும் ஷுகருக்கும் போடும் செமாக்ளூடைட் போன்ற ஊசிகளும் இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். அதனாலும் சிலருக்கு எரிச்சல் வரலாம்.

நெஞ்செரிச்சல் வந்தவர்களுக்கெல்லாம் ஷுகர் வரும் என்று அர்த்தமில்லை. ஒல்லியானவர்களுக்கும் ரிஃப்ளக்ஸ் உண்டு. ஆனால் எரிச்சல் அடிக்கடி வந்து, கூடவே தொப்பையும் இருந்தால், வயிற்று மாத்திரையோடு நிறுத்தாமல் ஷுகர், கொலஸ்ட்ரால், பிபி மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது.

சரபோஜி காலத்து டெல்டாவில் அரிசி உரலில் குத்தியது, வேலை வயலில். இன்று அதே டெல்டாவின் பிள்ளைகளுக்கு மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி, நாற்காலி வேலை, லேட் நைட் டின்னர்.

என்ன செய்யலாம்?

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, இடது பக்கம் திரும்பிப் படுப்பது மூன்றும் எரிச்சலைக் குறைக்கும். எடை கூடுதலாக இருப்பவர்கள் கொஞ்சம் குறைத்தாலே ரிஃப்ளக்ஸ், ஷுகர் இரண்டுக்கும் பலன் தெரியும்.

விழுங்கக் கஷ்டம், காரணமில்லாத எடைக் குறைவு, கறுப்பு மலம், ரத்த வாந்தி இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் கேஸ் என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஷுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் அஜீரணம் போலவும் தோன்றலாம்.

பழைய நூலில் இருக்கிறது என்று அந்த மருந்துகளை வீட்டில் தயாரித்துப் பார்க்கவும் கூடாது. சித்த மருந்துகள் சிலவற்றில் பாதரசம் போன்ற உலோகங்கள் சேரும். தேர்ந்த சித்த மருத்துவர் மேற்பார்வை அவசியம்.

மிச்சம் இருப்பது

சரபோஜி 1832 மார்ச் 7-ல் காலமானார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, கம்பெனி தஞ்சை அரசை முடித்து வைத்தது. சுவடிகள் மட்டும் தப்பின. 1918-ல் அவை பொது நூலகமாகின.

அந்தப் பாடல்களில் உள்ள மருந்துகளில் எவை இன்றைக்கும் செல்லும் என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட் எழுதும் பழக்கத்தை இன்றே எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், எப்போது படுத்தோம், எரிச்சல் எப்போது வந்தது, இடுப்பளவு என்ன, ஷுகர் எவ்வளவு என்று இரண்டு வாரம் போனிலேயே குறித்து, டாக்டரிடம் காட்டினால் போதும். தனித்தனியாகத் தெரிந்த இரண்டு தொல்லைகளும் ஒரே இடத்தில் தொடங்கியவையா என்று அவர் பார்த்துவிடுவார்.