தொழுநோயிலும் துவளாத மனுஷன்... யார் இந்த அழகப்பச் செட்டியார்?

காரைக்குடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 'அழகப்பா' என்ற பெயர் கண்ணில் படும். யார் அவர்?

1909-ல் கோட்டையூரில் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். சென்னையில் எம்.ஏ. முடித்து, லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் கத்துக்கிட்டார். ஆனால், இளம் வயதிலேயே தொழுநோய் தாக்கியது. ஊரே ஒதுக்கிவைத்த நோய் அது.

மனுஷன் முடங்கவில்லை. ஜவுளி ஆலை, விமான சேவை எனத் தொழிலில் இறங்கினார். சம்பாதித்ததைப் படிப்புக்கே கொட்டினார்.

1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஊருக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கு விட்டுக்கொடுத்தார். 1956-ல் பத்ம பூஷண் கிடைத்தது.

1957 ஏப்ரல் 5. நாளை 48-வது பிறந்தநாள் என்ற நிலையில் காலமானார். ஒரு மார்க் குறைஞ்சதுக்கே சோர்ந்துபோகும் மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய வாழ்க்கை இது.